டத்தோ திருப்பிய சக்கரம்

சாஆ வட்டாரத்தில் நாற்பது நாளாக மழை இல்லை. செம்பனை ஓலைகள் நுனி கருகித் தொங்கின. பள்ளிக்கூடத் திடலில் புல் இருந்த இடத்தில் புழுதிதான் இருந்தது. ஆனால் பொழுதுபோக்கு ஏரியின் மண்கரையில், வெளிப்புறச் சரிவில், வட்டாரத்தின் அரசியல் தலைவர் டத்தோ லெட்சுமணன் நட்ட அங்சானா மரத்துக்குக் கீழே ஒரு பாய் விரிக்கிற அளவுக்குப் புல் பச்சைப்பசேல் என்று நின்றது. பார்த்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். ஏரியின் காவல்காரரும் தோட்டக்காரருமான சின்னத்தம்பி மட்டும் அதைப் பார்த்ததும் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார். கரைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் அவர்தான். அந்த இடத்துக்கு அவர் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை.

அது வெள்ளைக்காரத் துரை காலத்தில் ரப்பர் ஆலைக்குத் தண்ணீர் தேக்கக் கட்டிய கரை. முப்பது அடி உயரம், முழுக்க முழுக்க மண். அந்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது ஏரியைப் பொழுதுபோக்கு ஏரி மேம்பாட்டுக் கழகம் என்ற ஒன்று எடுத்துக்கொண்டது. ஆறு அன்னப் படகுகள், ஆள் உயர எழுத்தில் ஏரியின் பெயர், ஒரு கழிப்பறை, அதற்குக் காசு வாங்க ஒரு நாற்காலி. மேம்பாடு அத்துடன் முடிந்தது. கரைக்கு நேர் கீழே தோட்டத் தொழிலாளரின் பழைய லயத்து வீடுகள் பதினெட்டு அப்படியே இருந்தன. அவற்றில் ஏழாவது வீடு சின்னத்தம்பியுடையது. அந்த வீட்டில் இப்போது அவர் மனைவி மலரும், பிள்ளை பெற்றுப் பத்தொன்பது நாளான மகள் பிரேமலாவும், இன்னும் பெயர் வைக்காத பேத்தியும் இருந்தார்கள்.

கழகத்துக்கு ஒரு மரபு உண்டு. பெரிய மனிதர் யார் வந்தாலும் ஒரு மரம் நட வேண்டும். நட்ட மரத்துக்கு முன்னால் கருங்கல் பலகையில் அவர் பெயர் பொறிக்க வேண்டும். மரத்தை எங்கே நடுவது? கரையின் மேல்தான். அங்கேதான் பின்னால் ஏரி தெரியும், படம் நன்றாக விழும். இப்படி வந்தவர் போனவர் எல்லாம் நட்டு நட்டு, கரையின் முதுகில் நாற்பத்து மூன்று மரங்கள் நின்றன.

மரங்களுக்குள் பதவி வரிசையும் இருந்தது. ஒரு வருஷம் யாரோ உதவி அதிகாரி நட்ட மரம் டத்தோவின் மரத்தைவிட இரண்டடி உயர்ந்துவிட்டது. கழகத்தில் அவசரக் கூட்டம் கூடியது. மறுநாள் சின்னத்தம்பி ஏணி போட்டு ஏறி அந்த மரத்தின் தலையை வெட்டினார். அதிகாரிக்குப் பதவி உயர்வு வந்தால் மரத்தையும் வளர விடலாம் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள்.

டத்தோவின் மரமோ நட்ட மூன்றாம் மாதமே பட்டுப்போனது. டத்தோ மறுபடி வருவதற்குள் அதே உயரத்தில் ஒரு மரம் நின்றாக வேண்டும் என்று உத்தரவு. பட்ட மரத்தை வேரோடு தோண்ட நேரம் இல்லை. சின்னத்தம்பி அடியோடு அறுத்து, மேலே மண் போட்டு மூடி, பக்கத்திலேயே புதிதாக ஒன்றை நட்டார். அதுவும் பட்டது. அதற்குப் பிறகு வந்ததும் பட்டது. டத்தோ வரும்போதெல்லாம் மரத்தைத் தடவிக் கொடுத்து, "நான் நட்டது, எப்படி வளந்துருச்சு பாருங்க" என்று கண் கலங்குவார். அது நான்காவது மரம் என்பது சின்னத்தம்பிக்கும் செத்துப்போன மூன்று மரங்களுக்கும்தான் தெரியும்.

ஹாஸ்லினா என்று ஓர் அணைப் பொறியாளர் முன்பு இருந்தார். வயதில் சின்னப் பெண், வேலையில் நெருப்பு. மண்கரையில் மரம் கூடாது, செத்த வேர் மக்கினால் அந்த இடம் குழாயாகிவிடும், அது வழியாகத் தண்ணீர் கரையை உள்ளிருந்தே அரித்துத் தின்னும் என்று அவர்தான் சின்னத்தம்பிக்கு மலாய் மொழியில் பொறுமையாக விளக்கினார். கசிகிற தண்ணீர் தெளிவாக இருந்தால் கவனித்துக்கொண்டு இருக்கவேண்டும், பால் கலந்த தே தாரிக் நிறத்தில் வந்தால் ஓடவேண்டும் என்றும் சொன்னார். நாற்பத்து மூன்று மரங்களையும் எடுக்கவேண்டும் என்று அறிக்கை எழுதினார். நாற்பத்து மூன்று கருங்கல் பெயர்களில் கை வைப்பதா? கழகம் அவரைப் பாராட்டிப் பதவி உயர்வு கொடுத்து, தம்போயில் கார் நிறுத்துமிடக் கட்டணப் பிரிவுக்கு அனுப்பியது. பிரிவு உபசாரமாக அவர் பெயரில் கரையில் ஒரு மரம் நட்டார்கள். அதோடு நாற்பத்து நான்கு. அந்த விழாவுக்கு அவர் வரவில்லை.

இந்தப் பச்சைப் புல்லைப் பார்த்ததும் சின்னத்தம்பி ஒரு மைலோ டின்னைப் புல்லின் கீழ் ஓரத்தில் பதித்து வைத்தார். ஒரு மணி நேரத்தில் டின் நிறைந்தது. தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு நேராகப் பொது மேலாளர் விஜயேந்திரனின் அறைக்குப் போனார்.

விஜயேந்திரன் நாற்பத்தைந்து வயதுக்காரர். மேசையில் நான்கு விருதுகள், அலமாரியில் ஒன்பது. டின்னைப் பார்த்துவிட்டு, மேசை நனையக் கூடாதே என்று அடியில் ஒரு பழைய அறிக்கையை எடுத்து வைத்தார். அது ஹாஸ்லினா எழுதியது.

"பாஸ், கரை கசியுது. இன்னிக்கு ஃபாரத்துல 'உண்டு'ன்னு போடணும்."

கழகத்தின் அணைப் பாதுகாப்புப் படிவத்தில் ஒரு வரி உண்டு. கசிவு: உண்டு, இல்லை. 'இல்லை' என்பதற்குக் காவல்காரர் கையெழுத்துப் போடலாம். 'உண்டு' என்பதற்கு அணைப் பொறியாளர்தான் போடவேண்டும்.

"'உண்டு'ன்னு போட யாருக்கு பவர் இருக்கு?" என்று கேட்டார் விஜயேந்திரன்.

"என்ஜினியருக்கு, பாஸ்."

"என்ஜினியர் இருக்காங்களா?"

"இல்ல பாஸ். மாத்திப் போயி பதினாலு மாசமாச்சு."

"அப்போ கசிவு எப்படிலா இருக்கும்?"

சின்னத்தம்பி டின்னைப் பார்த்தார். டின்னில் தண்ணீர் இருந்தது.

"ரெக்கார்டைப் பாருங்க சின்னத்தம்பி. பதினாலு மாசமா நம்ம அணையில ஒரு கசிவுகூட இல்ல. அந்தம்மா இருந்தப்போ மாசத்துக்கு நாலு கசிவு. பிரச்சினை அணையில இருந்துச்சா, அந்தம்மாகிட்ட இருந்துச்சா? நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க."

"வெறுமனே விட்டுறவா பாஸ்?"

"காலியா விட்டா கம்ப்யூட்டர் எடுத்துக்காது."

சின்னத்தம்பி 'இல்லை' என்பதில் குறி போட்டுக் கையெழுத்தும் போட்டார். பதினான்கு மாதமாகப் போட்டுப் பழகிய கைதான், அன்றைக்கு என்னவோ கூசியது. வெளியே வந்ததும் ஹாஸ்லினாவுக்குப் போன் செய்தார். அவர் பதறிப்போய், முதலில் ஏரித் தண்ணீரை இறக்குங்கள், மற்றதெல்லாம் பிறகு என்றார். எழுத்தில் தரமுடியுமா என்று கேட்டதற்கு, தன்னால் இப்போது எழுத்தில் தரமுடிந்தது கார் அபராதச் சீட்டு ஒன்றுதான் என்றார்.

தண்ணீரை இறக்கக் கரையின் மேல் இரும்புச் சக்கரம் ஒன்று உண்டு. திருப்பினால் அடியில் மதகு திறந்து, தண்ணீர் வீடுகளைச் சுற்றிப்போகும் கால்வாய் வழியாக ஆற்றில் போய்ச் சேரும். அந்தச் சக்கரத்தைச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். சாவி விஜயேந்திரனின் மேசைக்குள் இருந்தது.

அந்த வாரமே பச்சைப் புல்லின் படம் கழகத்துக்குப் 'பசுமைச் சரிவு' விருது வாங்கித் தந்தது. விருது வந்த வேகத்தில் அடுத்த அறிவிப்பும் வந்தது. அணைப் பாதுகாப்பு விழிப்புணர்வு வாரம், சனிக்கிழமை தொடக்கம். டத்தோ லெட்சுமணன் வருகிறார். அணை பாதுகாப்பாக இருக்கவேண்டும் என்பதை மக்களுக்கு உணர்த்த அணையில் ஒரு மரம் நடுவார். இதைக் கேட்டுவிட்டு ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

விழாவுக்குப் பொறுப்பு நிர்மலாதேவி. கெட்டிக்காரப் பெண், கையில் எந்நேரமும் ஒரு பட்டியல். மரம் நடும் இடமாக அவள் அந்தப் பச்சைப் புல்லையே தேர்ந்தெடுத்தாள்.

"அங்கிள், நாலடி ஆழம் தோண்டுங்க. மண்ணு மெத்துன்னு இருக்கு, உங்களுக்கும் ஈஸி."

வெள்ளிக்கிழமை காலையில் சின்னத்தம்பி தோண்டினார். இரண்டடியில் ஊறியது. நாலடியில் முழங்கால்வரை நின்றது.

"மிஸ், தண்ணி வருது."

"நல்லதாப் போச்சு அங்கிள், மரத்துக்குத் தனியா ஊத்த வேணாம்" என்று பட்டியலில் ஒரு வரியை அடித்தாள்.

மத்தியானம் சோறு தின்றுவிட்டு வந்து, மறுபடி பதித்து வைத்திருந்த மைலோ டின்னைச் சின்னத்தம்பி எடுத்துப் பார்த்தார். தண்ணீர் தே தாரிக் நிறத்தில் இருந்தது. விரலால் தொட்டால் அடியில் மண் நறநறத்தது.

அவர் ஓடினார். விஜயேந்திரன் விழா மேடையின் பின்னணித் துணிக்கு வண்ணம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்.

"பாஸ், தண்ணி கலங்கிருச்சு. கரைக்குள்ள மண்ணு போவுது. சாவியக் குடுங்க, ஏரிய இறக்கணும்."

"இன்னிக்கா? நாளைக்கு டிரோன் பறக்குது சின்னத்தம்பி! தண்ணி கொறைஞ்சா சேறு தெரியும். சேறு தெரிஞ்சா டத்தோ முகம் கோணும். டத்தோ முகம் கோணினா இந்தக் கழகத்தை யாரு காப்பாத்துறது?"

"கீழ பதினெட்டு வீடு இருக்கு பாஸ். என் மக பச்சை உடம்போட கெடக்கா."

"அந்த வீடுங்க கேமராவுல விழாது. நான் செக் பண்ணிட்டேன்" என்று விஜயேந்திரன் ஆறுதல் சொன்னார். "திங்கக்கிழமை வாங்க, பேசலாம். திங்க காலையில மீட்டிங் இருக்கு, செவ்வாய் வாங்க."

செவிடன் காதில் சங்கு ஊதினாலும் அவன் ஊதுகிறவனின் கன்னத்தையாவது பார்ப்பான். இவர் மறுபடி துணியைப் பார்க்கப் போய்விட்டார்.

சின்னத்தம்பி வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். லாபிஸில் இருக்கும் அவள் தங்கை வீட்டுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உடனே கிளம்பவேண்டும் என்றார். மலர் வாசலில் இருந்து கரையை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தாள்.

"நாங்க போயிடுறோம். மத்த பதினேழு வீட்டுக்கு என்னா சொல்லுவீங்க?"

"கரை கசியுதுன்னு சொல்றேன்."

"தெனமும் இல்லன்னு கையெழுத்துப் போட்டது நீங்கதான?"

சின்னத்தம்பிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. மகளையும் பேத்தியையும் கார் ஏற்றி அனுப்பினார். மலர் போக மறுத்துவிட்டாள். இருவரும் பதினேழு வீட்டிலும் ஏறி இறங்கினார்கள். நாளைக்கு டத்தோ வருகிற இடம், ஆபத்தான இடத்துக்கு டத்தோ வருவாரா என்று சனங்கள் சிரித்து அனுப்பினார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. டத்தோ வருகிறார் என்றால் சாலையில் குழிகூட முதல்நாளே மூடிக்கொள்கிற ஊர் அது.

சனிக்கிழமை காலையில் நிர்மலாதேவி இடத்தைப் பார்வையிட வந்தாள். குழி நிறைந்து கலங்கல் தண்ணீர் சரிவில் வழிந்துகொண்டிருந்தது. அவள் செருப்பின் குதி பச்சைப் புல்லில் முழுசாக இறங்கியது.

"அலமாக்! டத்தோ ஷூ என்னாகும் அங்கிள்?"

பதினெட்டு வீட்டுக்கு வராத பதற்றம் ஒரு ஜோடி ஷூவுக்கு வந்ததைச் சின்னத்தம்பி பார்த்தார். எந்த வாசலைத் தட்டவேண்டும் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

"மிஸ், மரம் என்னா மிஸ், எல்லா எடத்துலயும் நடுறாங்க. மேல சக்கரம் இருக்குல்ல, அதுக்கு ரிப்பன் கட்டி டத்தோவத் திருப்பச் சொன்னா எப்படி இருக்கும்? எதிர்ப்பக்கம் வெள்ளையாத் தண்ணி பாயும். டிரோன்ல எடுத்தா ஜோரா இருக்கும்."

நிர்மலாதேவியின் முகம் மலர்ந்தது. "வேற எந்த ஏரியிலயும் இது கெடையாது அங்கிள்!" என்று அலுவலகத்துக்கு ஓடினாள். ஐந்தே நிமிஷத்தில் சாவியோடு திரும்பினாள். பச்சைப் பிள்ளைக்காகக் கேட்டபோது திங்கள் செவ்வாய் சொன்ன சாவி, ரிப்பனுக்காக ஓடோடி வந்தது. சின்னத்தம்பி அந்தப் பக்கமாகத் திரும்பிக் காறித் துப்பினார்.

அவர் சங்கிலியைக் கழற்றி, சக்கரத்துக்கு எண்ணெய் விட்டு, மஞ்சள் ரிப்பனைக் கட்டினார். நிர்மலாதேவி பட்டணத்துக்கு ஆள் அனுப்பிப் பலகையும் செய்து வாங்கிவிட்டாள். 'இச்சக்கரத்தைத் திருப்பி விழிப்புணர்வு வாரத்தைத் தொடக்கி வைத்தவர் மாண்புமிகு டத்தோ லெட்சுமணன்.'

டத்தோ பதினொரு மணிக்குப் பாத்தேக் சட்டையில் வந்து இறங்கினார். தன் மரத்தை வழக்கம்போலத் தடவினார். மைக்கைப் பிடித்தார்.

"நான் என்ஜினியர் இல்ல. ஆனா இந்த அணை பத்திரமா இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் வர்றப்போல்லாம் என் மரம் வளந்திருக்கு. மரம் பொய் சொல்லுமா? அதிகாரிங்க பொய் சொல்லலாம், மரம் சொல்லாது. இங்க வர்றதுக்கு முன்னாடி ஒருத்தர் கேட்டாரு, டத்தோ, அணை ஒடஞ்சா என்ன பண்ணுவீங்கன்னு. நான் சொன்னேன், மொத ஆளா வந்து நிப்பேன். அரிசி, பிஸ்கட், பாய், எல்லாம் ரெடியா இருக்கு. என் படம் போட்ட பை கூட அடிச்சு வெச்சாச்சு."

கைதட்டல் அடங்கியதும் அவர் சக்கரத்தை ஒரு சுற்றுத் திருப்பினார். டிரோன்காரன் ஓடி வந்தான். "டத்தோ, இன்னொருவாட்டி, படம் விழல." திருப்பினார். பத்திரிகைக்காரருக்கு ஒரு சுற்று. கழகத்தின் முகநூலுக்கு ஒரு சுற்று. டத்தோவின் மனைவி போனில் எடுத்தார், அதற்கு இரண்டு. அவர் போனை நெட்டுக்குத்தாகப் பிடித்ததால் படுக்கையாக மறுபடி இரண்டு. இப்படியே ஆள் மாற்றி ஆள் கேட்க, பதினான்காவது சுற்றில் சக்கரம் நின்றது. மதகு முழுசாகத் திறந்து, கால்வாயில் தண்ணீர் இரைந்துகொண்டு ஓடியது.

விஜயேந்திரன் முகம் வெளுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "மூடுங்க, மூடுங்க" என்று கிசுகிசுத்தார்.

சின்னத்தம்பி தோட்டத்தில் விடியற்காலையில் பிரட்டுக்கு ஆள் கூப்பிடும் மண்டோரைப்போல உரக்கக் கேட்டார்: "டத்தோ, நீங்க திருப்பினதத் திருப்பி மூடச் சொல்றாங்க. மூடட்டுங்களா?"

டத்தோ திரும்பினார். "யாரு சொன்னது?"

கரையில் நின்றவர்கள் எல்லாம் விஜயேந்திரனைப் பார்த்தார்கள்.

"யாரும் சொல்லல டத்தோ" என்றார் விஜயேந்திரன்.

சின்னத்தம்பி ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பலகையைச் சக்கரத்தோடு சேர்த்து முறுக்கினார். டத்தோவின் கை திருப்பியதை எதிர்ப்பக்கம் திருப்ப அந்த வட்டாரத்தில் யாருக்கு அதிகாரம்? கழகம் மூன்று கூட்டம் போட்டுத் தேடியும் அப்படி ஒருவர் அகப்படவில்லை.

ஐந்தாம் நாள் ஏரி இடுப்பளவுக்கு வந்துவிட்டது. அன்னப் படகுகள் சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தன. கசிவு நின்றது. பச்சைப் புல் மற்ற புல்லைப் போலவே மஞ்சளானது. கரையின் உள்பக்கத்தில், டத்தோ மரத்துக்கு நேரே, ஒரு பொந்து தெரிந்தது. சின்னத்தம்பி குப்புறப் படுத்துக் கையை விட்டார். தோள்வரை போயிற்று. கையோடு வந்தது மக்கிக் கருத்த ஒரு வேர். அது எந்த மரத்தின் வேர் என்று அவருக்குத் தெரியும். அறுத்து மண் போட்டு மூடியவர் அவர்தானே! அங்கேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார்.

பொந்தைப் பற்றி அவர் எழுதிக் கொடுத்தார். கழகம் உடனே நடவடிக்கை எடுத்தது. பார்வையாளர் கண்ணில் படாமல் இருக்க, பொந்தின் மேல் 'அணைப் பாதுகாப்பு விழிப்புணர்வு வாரம்' என்ற பதாகையை விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்தது. காய்ந்த ஏரிக்கு 'டத்தோவின் வறள் நில அனுபவம்' என்று பெயர் வைத்து, நுழைவுச் சீட்டில் ஒரு வெள்ளி ஏற்றியது. வருஷக் கடைசியில் வட்டாரத்திலேயே மிகப் பாதுகாப்பான அணை என்ற விருதும் வரும் என்று விஜயேந்திரன் அலமாரியில் இடம் ஒதுக்கினார். பிரேமலா பிள்ளையோடு திரும்பி வந்தாள். சின்னத்தம்பி தினமும் படிவத்தில் 'இல்லை' போட்டார். அது உண்மையாகவே இல்லாமல் இருந்ததால், கையெழுத்து முன்பைவிட அழகாக விழுந்தது.

ஏழு மாதம் அப்படிப் போயிற்று. பேத்தி தவழ ஆரம்பித்தாள். அடைமழைக்கு முந்தின அக்டோபரில் டத்தோ லெட்சுமணனின் பதவி போயிற்று. அவர் இடத்துக்கு டத்தோ காளிதாஸ் வந்தார்.

மறுநாளே நிர்மலாதேவி கரைக்கு வந்தாள். கையில் புதுப் பட்டியல்.

"அங்கிள், அன்னிக்குக் கட்டின ரிப்பன் மிச்சம் இருக்கா? இந்தவாட்டி சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பணும். பழையவரு காலி பண்ணின ஏரிய புது டத்தோ நெரப்பறாரு. சூப்பர் தீம் இல்ல? உங்க ஐடியாதான், பாஸ்கூட உங்களைப் பாராட்டினாரு."

"மிஸ், உள்பக்கம் பொந்து அப்படியே கெடக்கு."

"மேல பேனர் இருக்குல்ல, தண்ணி ஏறுனா தெரியாது. அப்புறம், இவரு மரமும் நட்டே ஆகணுமாம். நீங்க தோண்டின குழி அப்படியே இருக்கு பாருங்க, இப்போ நல்லாக் காஞ்சும் போச்சு. அதுலயே வெச்சுடலாம்."

சின்னத்தம்பி கரையிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்தார். ஏழாம் வீட்டு வாசலில் பேத்தி மண்ணை அள்ளி வாயில் வைக்கப் போனாள். அவர் குனிந்து அவள் கையைத் தட்டிவிட்டுத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"மலரு, துணிமணிய மடிச்சு வை. லாபிஸுக்குக் கெளம்பணும். மத்த வீட்டுக்கும் போயிச் சொல்லுவோம், இந்தவாட்டியாச்சும் கேக்குறாங்களான்னு பாப்போம்."

மலர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கரையை அண்ணாந்து பார்த்தாள். "எது வரைக்கும் அங்க இருக்கறது?"

"அடுத்த டத்தோ வர்ற வரைக்கும்."